பூச்சியத்தை நிறுத்துவோர்: கண்டிச் சீமைத் தேயிலைத் தொழிலில் அளவைக் கருவிகள் – ஒரு வரலாற்று நோக்கு

பேராதனைப் பல்கலைக்கழக வளாகத்துக்கு மேலாக எழுந்து நிற்கும் ஹந்தானை மலைத்தொடரில், 1925ஆம் ஆண்டு கட்டப்பெற்ற தேயிலைத் தொழிற்சாலையொன்று 2001ஆம் ஆண்டு முதல் தேயிலை நூதனசாலையாக விளங்கி வருகின்றது. இத்தகைய இடங்களுக்குச் செல்வோரின் கண்கள் உருட்டு பொறிகளையும் உலர்த்திகளையும் பேரியந்திரங்களையுமே முதலில் நாடும். சுவரில் தொங்கிய வெப்பமானியையோ, கொழுந்து நிறுத்த தராசையோ நின்று நோக்குவோர் மிகச் சிலரே. ஆயினும் தேயிலையின் தரத்தையும், அதனைப் பறித்தவரின் ஊதியத்தையும் அன்றாடம் தீர்மானித்தவை இச்சிறு கருவிகளேயாம்.

இன்று அவற்றின் இடத்தைப் பெரும்பாலும் இலக்கமுறை மானிகள் பெற்றுள்ளன. தொழிற்சாலையின் மின்பலகையில், 96 மில்லிமீற்றர் அகலமும் 48 மில்லிமீற்றர் உயரமுமான முகப்புடன், சிவந்த இலக்கங்களை ஒளிர்வித்து நிற்கும் ‘பனல் மீற்றர்’ எனும் சிறு பெட்டி இவ்வினத்தைச் சார்ந்தது. வெப்பநிலை, அமுக்கம், நிறை, மின்னோட்டம் ஆகிய எதனையும் அதனாற் காட்டவியலும். எதனைக் காட்டவேண்டும், எவ்வாறு காட்டவேண்டும் என்பதை அதன் முகப்பிலுள்ள மூன்று அல்லது நான்கு பொத்தான்களைக் கொண்டு ஒருவர் முன்னரே அமைத்துவிடுகிறார். அவ்வாறு அமைப்பவர் யார், அவர் அமைத்ததைச் சரிபார்க்க வல்லவர் யார் என்னும் வினாக்கள் பொறியியற்றுறைக்கு மாத்திரம் உரியனவல்ல. அவை வரலாற்று வினாக்களுமாகும். கண்டி நகரையும் அதன் சூழலையும் களமாகக் கொண்டு அவ்வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. பொதுவிடத்தில் நின்ற அளவை

அளவையின் நம்பகத்தன்மை அதன் நுட்பத்திலிருந்து மட்டும் பிறப்பதன்று. பலர் அறிய நின்று, பலராலும் ஒப்பிடத்தக்கதாய் அமையும்போதே அது நம்பிக்கைக்குரியதாகின்றது. இவ்வுண்மையைத் தமிழர் வரலாறு நன்கு எடுத்துக்காட்டுகின்றது. முதலாம் இராசராசன் எடுப்பித்த தஞ்சைப் பெருங்கோயிலின் கல்வெட்டுகள் நெல்லின் அளவைக் கூறுமிடத்து, அது எந்த மரக்காலால் அளக்கப்பட்டது என்பதையும் கூறுகின்றன. ‘ஆடவல்லான்’ என்னும் பெயர்கொண்ட அம்மரக்கால் இராசகேசரி என்னும் அளவையோடு ஒத்தது என்ற குறிப்பும் அவற்றில் உண்டு. பொன் நிறுத்த கல் ‘ஆடவல்லான்’ எனவும், மணிகளை நிறுத்த கல் ‘தட்சிணமேரு விடங்கன்’ எனவும் பெயர் பெற்றிருந்தன. கொடையின் தொகையை மட்டுமன்றி, அத்தொகைக்குப் பொருள் தரும் அளவையையும் கல்லில் வெட்டி வைத்தமை ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

கண்டி இராச்சியத்தில் வேறொரு முறை நிலவியது. நிலத்தின் பரப்பை அதில் விதைக்கத்தக்க நெல்லின் அளவைக் கொண்டு குறித்தனர். 10 லாக ஒரு பேல எனவும், 4 பேல ஓர் அமுணம் எனவும் கணக்கிடப்பட்டன. மண்ணின் வளத்துக்கும் இடத்துக்கும் ஏற்ப விதைப்பின் செறிவு மாறுமாதலால் ஓர் அமுண நிலத்தின் பரப்பு எங்கும் ஒன்றாக இருக்கவில்லை. இன்றைய நோக்கில் இது குறையாகத் தோன்றலாம். ஆயின் அவ்வயலை உழுதவன் அவ்வளவையை அறிந்திருந்தான். தன் கையாலேயே அதனைச் சோதிக்கவும் அவனால் முடிந்தது. நுட்பம் குறைந்ததாயினும் உழுவோனுக்கு எட்டிய அளவை அது.

1815ஆம் ஆண்டு கண்டி இராச்சியம் பிரித்தானியர் வசமான பின்னர், ஏக்கரும் இறாத்தலும் மலைநாட்டினுட் புகுந்தன. முதலிற் கோப்பித் தோட்டங்களும், பின்னர் தேயிலைத் தோட்டங்களும் இப்புதிய அளவைகளிலேயே கணக்கிடப்பட்டன. அவற்றிற் பாடுபடத் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர், தமக்கு அயலான அளவையொன்றினால் தம் உழைப்பு நிறுக்கப்படுவதைக் கண்டனர். நாம் ஆராயப் புகும் வரலாறு இங்குதான் தொடங்குகின்றது.

2. கையும் மூக்கும் கருவியாயிருந்த காலம்

பேராதனைத் தாவரவியற் பூங்காவில் 1824ஆம் ஆண்டளவிலேயே தேயிலைச் செடிகள் நடப்பட்டிருந்தன. எனினும் வணிக நோக்கிலான பயிர்ச்செய்கை, கண்டிக்குத் தென்கிழக்கே ஹேவாஹெட்டைப் பகுதியிலுள்ள லூல்கந்துரத் தோட்டத்தில், 1867ஆம் ஆண்டு ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரிற் பயிரிட்டதுடனேயே தொடங்கியது. கொழும்பிலிருந்து கண்டிக்குப் புகைவண்டி ஓடத் தொடங்கியதும் அதே ஆண்டிலேயாகும். டெய்லரின் தொடக்ககால முறையில், கொழுந்து வீட்டு விறாந்தையில் மேசைகளின்மீது கையால் உருட்டப்பட்டது. மண்ணடுப்பில் கரி நெருப்பின்மேல் கம்பித்தட்டுகளில் இடப்பட்டு உலர்த்தப்பட்டது. வாடிய பதத்தை விரல்களும், புளித்த பதத்தை மூக்கும், காய்ந்த பதத்தைச் செவியும் நிறமறியும் கண்ணும் கூறின. கருவி என்பது வேலை செய்தவரின் உடலேயாம்.

1869ஆம் ஆண்டு தோன்றிய இலைத்துரு நோய் கோப்பியை வீழ்த்த, தேயிலை அதன் இடத்தைப் பெற்றது. உற்பத்தி பெருகவே பொறிகள் வந்தன. 1854ஆம் ஆண்டு கண்டியில் ஜோன் வாக்கர் தொடங்கிய பொறியியல் நிறுவனம் கோப்பிக்குரிய இயந்திரங்களிலிருந்து தேயிலை இயந்திரங்களுக்குத் திரும்பியது. பெல்பாஸ்ற் நகரத்துச் சாமுவேல் டேவிட்சனின் ‘சிறொக்கோ’ உலர்த்திகள் மலைநாட்டுத் தொழிற்சாலைகளிற் பரவின. பொறி பெரிதானதும் உடலால் அதனுள் நிகழ்வதை அறிய இயலாது போயிற்று. மூடிய உலர்த்தியின் வெப்பத்தை மூக்கு அறியாது. ஆகவே கருவி இன்றியமையாததாயிற்று.

அவ்வாறு தேவைப்பட்டவற்றுள் முதன்மையானவை இரண்டு. ஒன்று, உலர் குமிழும் ஈரக் குமிழும் கொண்ட ஈரமானி. வாட்டும் தட்டிலுள்ள கொழுந்தின் ஈரத்தைக் காற்று எந்த அளவுக்கு உறிஞ்சும் என்பதை இரு குமிழ்களின் வெப்பநிலை வேறுபாடு உணர்த்தும். மற்றையது உலர்த்தியின் வெப்பமானி. உள்ளே புகும் காற்று ஏறத்தாழ 90 முதல் 100 பாகை செல்சியசு வரையிலும், வெளியேறும் காற்று 50 முதல் 55 பாகை வரையிலும் இருத்தல் வழக்கம். நன்கு காய்ந்த தேயிலையில் நூற்றுக்கு 3 பங்களவு ஈரமே எஞ்சும். ஈரம் மிகுந்தால் தேயிலை விரைவிற் கெடும். வெப்பம் மிகுந்தால் கருகல் மணம் ஏறும். 1925ஆம் ஆண்டு தோற்றுவிக்கப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் இத்தகைய அளவீடுகளை அறிவியல் அடிப்படையில் நெறிப்படுத்தியது.

3. தராசடியும் பேரும்

தொழிற்சாலையின் உள்ளே வெப்பமானி பெற்ற இடத்தை வெளியே தராசு பெற்றது. மலையிற் கொழுந்தெடுக்கும் பெண், நாளொன்றுக்கு இரண்டு அல்லது மூன்று முறை தன் கூடையுடன் நிறுவைக்கு வருவாள். முற்காலத்தில் மூன்று கால் நாட்டி அதில் விற்றராசைத் தொங்கவிட்டு நிறுத்தனர். கணக்கப்பிள்ளை முள்ளைப் பார்த்து இறாத்தலைச் சொல்லிப் புத்தகத்தில் எழுதுவார். கங்காணி அருகில் நிற்பார். விதித்த அளவு கொழுந்து சேர்ந்தால் அன்றைய ‘பேர்’ முழுமையாக விழும். குறைந்தால் ‘அரைப்பேர்’ விழுந்துவிடும். அரைப்பேர் என்னும் சொல் மலையகத்தின் வாய்மொழிப் பாடல்களிலும் துயரச் சொல்லாகப் பதிந்துள்ளது. அப்பாடல்களைத் தொகுத்து 1983ஆம் ஆண்டு நூலாக்கிய ஸி. வி. வேலுப்பிள்ளையின் பணி, தொழிலாளர் வரலாற்றை ஆராய்வோர்க்கு இன்றியமையாத மூலமாகும்.

நிறுத்த தொகை அவ்வாறே எழுதப்படுவதில்லை. கூடைக்கென்றும், பனியிலும் மழையிலும் நனைந்த கொழுந்தின் ஈரத்துக்கென்றும் ஒரு பகுதி கழிக்கப்படுதல் நெடுங்கால வழக்கமாகும். கழிவு நியாயமானதா என்னும் பிணக்கும் அவ்வழக்கத்தின் அளவு பழையதே.

இவ்விடத்து விற்றராசின் ஓர் இயல்பைச் சுட்டுதல் வேண்டும். நெடுநாட் பயன்பட்ட வில் தளர்ந்துவிடும். அப்போது சுமையேதும் இல்லாதபோதும் முள் பூச்சியத்தில் நில்லாது விலகி நிற்கும். இலங்கைப் பாடசாலை மாணவர் இதனைப் ‘பூச்சிய வழு’ என்று கற்கின்றனர். தொழிலாளர் அப்பெயரை அறியாதிருக்கலாம். வெறுங்கொக்கியில் முள் எங்கு நிற்கின்றது என்பதைக் கண்ணாற் காண அவர்களுக்கு எப்படிப்பும் தேவையில்லை. முள்ளைப் படித்து எண்ணாக்கும் அதிகாரம் கணக்கப்பிள்ளையிடம் இருந்ததாயினும், பூச்சியம் இருபாலார் கண்ணுக்கும் புலனாகவே இருந்தது. எண் மறைவாகவும் பூச்சியம் வெளிப்படையாகவும் இருந்த காலம் என்று இதனைக் குறிப்பிடலாம்.

4. முள்ளிலிருந்து இலக்கத்துக்கு

இலக்கமுறை மானியின் தோற்றம் மலைநாட்டுக்குத் தொலைவில் நிகழ்ந்தது. 1952ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் அன்ட்றூ கே என்பார் உவோல்ற்றளவை முள்ளின்றி இலக்கங்களாகவே காட்டும் மானியை உருவாக்கினார். அளவீட்டுச் சங்கிலியின் ஏனைய கண்ணிகள் இதனினும் பழையன. வெப்பநிலைக்கேற்பப் பிளாற்றினக் கம்பியின் தடை மாறுவதை அளவீட்டுக்குப் பயன்படுத்தலாம் என வில்லியம் சீமென்ஸ் 1871இல் எடுத்துரைத்தார். உலோகம் நீளும்போது அதன்மேல் ஒட்டிய நுண்கம்பியின் தடை மாறுவதைக் கொண்டு சுமையை அறியும் முறையை 1938ஆம் ஆண்டு அமெரிக்காவில் எட்வேட் சிமன்ஸ், ஆதர் ரூஜ் ஆகிய இருவரும் தனித்தனியே கண்டனர். இன்று நிறுவைக் கருவிகளில் உள்ள ‘லோட் செல்’ இக்கண்டுபிடிப்பின் வழிவந்ததாகும்.

1970களின் பிற்பகுதியில் இலக்கமானியின் முதன்மைப் பகுதி முழுவதும் ஒரே சில்லினுள் அடங்கியது. அதன் பயனாக மானி மலிந்து பலகையில் ஏறியது. அக்கால மானிகளில் அமைப்புச் செய்தற்கு இரு சிறு திருகுகள் இருந்தன. ஒன்று பூச்சியத்தை நிறுத்துவது; மற்றையது முழு அளவை நிறுத்துவது. திருகைச் சரிசெய்தபின் அதன் தலையில் நிறமையோ அரக்கோ இடுவர். அது உடைந்திருப்பின் எவரோ கைவைத்துள்ளார் என்பது வெளிப்படும். நுண்செயலிகள் மானியினுட் புகுந்தபின் திருகு மறைந்தது, பொத்தான்கள் வந்தன. இம்மாற்றத்தின் உட்பொருளை அறிய, அமைப்புச் செய்யும் முறையைச் சற்று விரிவாக நோக்குதல் அவசியமாகின்றது.

5. நான்கு பொத்தான்கள்

பொதுவாக இம்மானிகளில் உள்ள பொத்தான்களுள் ஒன்று பட்டியினுட் புகவும், ஒன்று இலக்கத்தை ஏற்றவும், ஒன்று அடுத்த இடத்துக்கு நகரவும், ஒன்று ஏற்றுக்கொள்ளவும் உதவும். முதற் பொத்தானைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்தால் மானி தன் அளவீட்டை நிறுத்தி, ‘மெனு’ எனப்படும் பட்டியின் முதல் விடயத்தைக் காட்டும். பல மானிகள் இங்கு ஒரு குறியெண்ணைக் கேட்கும். அதனை அறிந்தோரே மேற்செல்லலாம்.

முதலில் அமைக்கவேண்டியது உள்வரும் சைகையின் வகை. உணரி பிளாற்றினத் தடையா, வெப்பவிணையா, அன்றி 4 முதல் 20 மில்லியம்பியர் வரையான மின்னோட்டமா என்பதை மானிக்குக் கூறவேண்டும். மிகப் பரவலான பிளாற்றின உணரி 0 பாகையில் 100 ஓம் தடையும் 100 பாகையில் ஏறத்தாழ 138.5 ஓம் தடையும் உடையது. ஒரு பாகைக்கு ஓமின் பத்தில் நான்கு பங்கினும் குறைவான மாற்றமே உண்டு. ஆதலால் இணைக்கும் கம்பியின் தடை 2 ஓமாக இருந்து, அது கணக்கிற் கொள்ளப்படாவிடின் மானி 5 பாகை கூட்டியே காட்டும். இதனைத் தவிர்க்கவே மூன்றாவது கம்பியொன்று இணைக்கப்படுகின்றது.

மின்னோட்டச் சைகை 0இல் தொடங்காது 4இல் தொடங்குவதற்கும் காரணமுண்டு. கம்பி அறுந்தால் மின்னோட்டம் 0 ஆகும். அளவின் கீழெல்லையும் 0 ஆயின், அறுந்த கம்பியையும் மெய்யான கீழளவையும் வேறுபடுத்தி அறிதல் இயலாது. கீழெல்லையை 4 எனக் கொண்டமையால் பழுது தன்னைத்தானே வெளிப்படுத்துகின்றது.

அடுத்து வருவது எல்லைகளை அமைத்தல். 4 மில்லியம்பியருக்கு எந்த எண், 20 மில்லியம்பியருக்கு எந்த எண் என்று கூறவேண்டும். இங்கு நிகழும் பிழையே மிகவும் தீங்கானது. உலர்த்தியிற் பொருத்திய உணரி 0 முதல் 150 பாகை வரைக்கு உரியது எனக் கொள்வோம். உள்ளே 90 பாகை நிலவும்போது அது 13.6 மில்லியம்பியரை அனுப்பும். மேலெல்லையை 150 என்பதற்குப் பதிலாக 200 என்று ஒருவர் அமைத்துவிட்டால் மானி 120 என்று காட்டும். உலர்த்தியைக் காப்பவர் வெப்பம் மிகுந்துவிட்டதென எண்ணி நெருப்பைத் தணிப்பார். மானி 90ஐக் காட்டும்போது உள்ளே உண்மையில் இருப்பது 67.5 பாகையே. தேயிலை காயாது வெளிவரும். பழி நெருப்பிட்டவர் மேல் விழும். எண்ணோ ஐயத்துக்கு இடமின்றி ஒளிர்ந்துகொண்டிருக்கும். பதின்மப் புள்ளியை இடம்மாற்றி வைத்த பிழை உடனே கண்ணில் உறுத்தும். நம்பத்தக்க அளவிலான பிழையோ மாதக்கணக்கில் மறைந்து வாழும்.

எஞ்சியவற்றைச் சுருக்கமாகக் குறிப்பிடலாம். எச்சரிக்கை ஒலிக்கும் எல்லையும், அவ்வெல்லைக்கு இருபுறமும் விடவேண்டிய இடைவெளியும் அமைக்கப்படுகின்றன. இடைவெளி விடாவிடின், அளவு எல்லையில் ஊசலாடும்போது ரிலே ஓயாது மூடித் திறந்து தேய்ந்துபோகும். காட்சி துள்ளாதிருக்கச் சராசரி எடுக்கும் அளவும் உண்டு. அது மிகுந்தால் மானி மந்தமாகி, நிகழ்ந்து முடிந்ததையே காட்டும். இறுதியில் பட்டியைப் பூட்டிவிட்டு வெளியேறுதல் முறை. பூட்டியபின், முன்னர் எவை அமைக்கப்பட்டன என்பதை முகப்பைக் கண்டு எவரும் அறிதல் இயலாது.

6. ஏழு கோடுகளில் அடங்காத மொழி

இம்மானிகளின் முகப்பில் ஒவ்வோர் இலக்கமும் ஏழு சிறு கோடுகளால் ஆனது. 0 முதல் 9 வரை காட்ட அவை போதும். எழுத்துகளைக் காட்டப் போதா. ஆங்கில எழுத்துகளிலேயே ‘கே’, ‘எம்’, ‘டபிள்யூ’, ‘எக்ஸ்’ ஆகியவற்றை ஏழு கோடுகளிற் செவ்வனே அமைத்தல் இயலாது. ‘எஸ்’ என்னும் எழுத்தும் 5 என்னும் இலக்கமும் ஒரே வடிவினவாகும். எனவே பட்டியிலுள்ள விடயங்கள் மூன்று நான்கு எழுத்துகளாகக் குறுக்கப்பட்ட சிதைந்த ஆங்கிலத்திலேயே தோன்றுகின்றன. ஆங்கிலம் நன்கறிந்தோருக்கும் கைநூலின்றி அவை விளங்கா. தமிழையும் சிங்களத்தையும் ஏழு கோடுகளுள் அடக்குதலோ எண்ணிப் பார்க்கவும் இயலாதது.

1987ஆம் ஆண்டு அரசியலமைப்புத் திருத்தத்தால் தமிழும் அரசகரும மொழியாயிற்று. படிவங்களும் பெயர்ப்பலகைகளும் மும்மொழிகளில் அமையவேண்டும் எனக் கேட்கும் உரிமை பிறந்தது. மானியின் உட்பட்டியோ அவ்வுரிமை எட்டாத இடமாகவே இருந்துவிட்டது. தொழிற்சாலையில் மானியைக் கையாளும் தமிழ்த் தொழிலாளரும் சிங்களத் தொழிலாளரும் இச்சிதைந்த வடிவங்களைப் படிப்பதில்லை. படத்தை நினைவிற் கொள்வதுபோல மனத்திற் பதித்துக்கொள்கின்றனர். இன்ன வடிவம் வந்தால் இத்தனை முறை அழுத்துவது என்ற அறிவு, வாய்மொழியாக ஒருவரிடமிருந்து ஒருவருக்குச் செல்கின்றது. எழுதப்படாத அவ்வறிவு, அறிந்தவர் வேலையிலிருந்து நீங்கும்போது அவருடனேயே நீங்கிவிடுகின்றது.

7. மீண்டும் தராசடிக்கு

மின்னியல் நிறைகாட்டியும் பனல் மீற்றரின் உறவே. அதன் லோட் செல் முழுச் சுமையில் 20 மில்லிவோல்ற்று அளவே தருவதாகவும், அம்முழுச் சுமை 100 கிலோகிராம் எனவும் கொண்டால், ஒரு கிலோகிராம் கொழுந்துக்கு உரியது 0.2 மில்லிவோல்ற்று மட்டுமே. அந்நுண்ணிய சைகைக்கு எண்வடிவம் தருவது அமைப்புச் செய்தவரின் கையேயாம். வெறுந்தட்டில் பூச்சியத்தை நிறுத்தி, அறிந்த படிக்கல்லொன்றை இட்டு, அதன் நிறையைப் பொத்தான்களால் உள்ளிடுவர். 20 என்று கூறி இட்ட கல் உண்மையில் 20.5 ஆயின், அன்று முதல் நிறுக்கப்படும் ஒவ்வொரு நிறையும் நூற்றுக்கு 2.4 பங்கு குறைந்தே தோன்றும்.

கழிவும் இப்போது மானியினுள்ளேயே அமைக்கத்தக்கது. சாக்கின் நிறை 0.6 கிலோகிராமாக இருக்க, ஒரு கிலோகிராம் கழிக்குமாறு அமைத்தால் ஒரு நிறுவைக்கு 0.4 மறையும். நாளுக்கு மூன்று நிறுவையாயின் 1.2, மாதத்தில் 25 நாளாயின் 30 கிலோகிராம். இவை விளக்கத்துக்காக யாம் இட்ட கணக்கேயன்றி எந்தத் தோட்டத்தின்மீதும் சுமத்தும் குற்றச்சாட்டல்ல. வஞ்சகம் இன்றியே, கவனக்குறைவால் மட்டுமே இது நிகழலாம் என்பதும் நினைவிற் கொள்ளற்பாலது. எவ்வாறு நிகழினும் இழப்பு ஒருவருக்கே.

இழப்பின் கனத்தை ஊதிய வரலாறு உணர்த்தும். இந்தியத் தொழிலாளருக்கான குறைந்தபட்ச ஊதியச் சட்டம் 1927ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. எனினும் கொழுந்தெடுப்போருட் பெரும்பாலோரான பெண்களுக்கு ஆண்களுக்குச் சமமான நாட்சம்பளம் 1984ஆம் ஆண்டிலேயே கிட்டியது. 2021ஆம் ஆண்டு நாட்சம்பளம் 1000 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டபோது, பல தோட்டங்களில் ஒரு நாளுக்கு எடுக்கவேண்டிய கொழுந்தின் அளவு உயர்த்தப்பட்டதாகத் தொழிற்சங்கங்கள் முறையிட்டன. ரூபாவின் எண்ணைச் சட்டம் காத்து நின்றது. கிலோவின் எண் தராசடியில் மாறியது. ஊதியப் போராட்டத்தின் களம், பேச்சுவார்த்தை மேசையிலிருந்து நிறைகாட்டியின் முகப்புக்குப் பெயர்ந்தது எனலாம்.

இங்கொரு முரணைக் காண்கின்றோம். விற்றராசின் முள்ளைப் படிக்கக் கணக்கப்பிள்ளை தேவைப்பட்டார். இலக்கங்களையோ எழுத்தறியாத மூதாட்டியும் படித்துவிடுவாள். இவ்வகையில் புதிய கருவி மக்களுக்கு அண்மையதாயிற்று. இந்நன்மையைக் குறைத்து மதிப்பிடல் ஆகாது. ஆயின் முற்காலத்தில் வெளிப்படையாக நின்ற பூச்சியம் இப்போது குறியெண்ணின் பின்னே மறைந்துவிட்டது. அன்று எண் மறைவும் பூச்சியம் வெளிப்படையும். இன்று எண் வெளிப்படையும் பூச்சியம் மறைவும். படிக்க எளிதானது சரிபார்க்க அரிதாயிற்று.

8. ஆய்வாளருக்கு ஒரு சான்று

கடந்தகால நிறுவைகள் நேர்மையாக நிகழ்ந்தனவா என்பதை இன்று அறிய வழியுண்டா? ஒரு வழியை யாம் முன்வைக்கின்றோம். நூறு கிலோகிராம் பச்சைக்கொழுந்தில் இருந்து ஏறத்தாழ 21 அல்லது 22 கிலோகிராம் தேயிலை கிடைக்கும் என்பது தொழிலறிந்தோர் கூறும் விகிதம். கொழுந்தின் ஈரமே இதனை மாற்றுவது. மழைநாட்களில் விகிதம் குறையும். தோட்டமொன்றில் 1000 கிலோகிராம் கொழுந்து உண்மையில் வந்து, மலைக்கணக்கில் 950 என்று எழுதப்பட்டிருப்பின், கிடைத்த 215 கிலோகிராம் தேயிலையை 950ஆல் வகுத்தால் விகிதம் நூற்றுக்கு 22.6 என ஏறித் தோன்றும். மழைக்காலத்திலும் விகிதம் தொடர்ந்து ஏறியே காணப்படின் அது ஆராயத்தக்கது.

ஆகவே மலையில் நிறுத்த தொகை, தொழிற்சாலையில் மீண்டும் நிறுத்த தொகை, ஆக்கிய தேயிலையின் தொகை ஆகிய மூன்றையும் ஒருங்கே வைத்து நோக்கின், ஊமையாய்க் கிடக்கும் பேரேடுகள் பேசத் தொடங்கும். ஈரக்கழிவு, வாடுகையில் ஏற்படும் இழப்பு, தூளாய்ச் சிந்தியது ஆகியவற்றைக் கணக்கிற் கொள்ளாது முடிவு கூறுதல் தகாது. இவ்வெல்லைக்கு உட்பட்டு நோக்கின், தோட்டப் பேரேடுகள் தொழிலாளர் வரலாற்றுக்குப் புதியதொரு மூலமாக அமையும். 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தின்போதும், 1992ஆம் ஆண்டு தோட்டங்களின் முகாமை கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டபோதும் தோட்டங்கள் கைமாறின. கைமாறும்போதெல்லாம் பழைய ஏடுகள் அழியும் வாய்ப்பு மிகுதி. எஞ்சியவற்றைத் தேடிக் காத்தல் காலந்தாழ்த்தலாகாத கடமையாகும்.

9. முடிவுரை

இதுவரை கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், அளவைக் கருவியின் வரலாறு நுட்பம் வளர்ந்த வரலாறாக மட்டும் அமையவில்லை என்பது தெளிவாகும். தஞ்சைக் கல்வெட்டில் அளவை, சுவரில் நின்று தன் பெயரைச் சொன்னது. விற்றராசில் பூச்சியமேனும் கண்ணுக்குத் தெரிந்தது. பனல் மீற்றரிலோ அமைப்பு முழுவதும் உள்ளொடுங்கிவிட்டது. கருவியைக் குறைகூறுதல் எமது கருத்தன்று. சரியாக அமைத்த மானி தளர்ந்த வில்லினும் பன்மடங்கு நம்பத்தக்கது. மறைந்ததை மீண்டும் பொதுவிடத்துக்குக் கொணர்வதே வேண்டற்பாலது.

அதற்குப் பெருஞ்செலவு எதுவும் தேவையில்லை. மானியின் அருகே, அதில் அமைக்கப்பட்ட உள்ளீட்டு வகை, கீழெல்லை, மேலெல்லை, கழிவு, அமைத்த நாள் ஆகியவற்றைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிய சிறு அட்டையொன்று தொங்குதல் வேண்டும். 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்க அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் சட்டம் நிறுவைக் கருவிகளைச் சோதிக்க வழிசெய்துள்ளது. அவ்வாறு முத்திரையிடப்பட்ட 20 கிலோகிராம் படிக்கல் ஒன்று ஒவ்வொரு தராசடியிலும் இருத்தல் வேண்டும். காலையில் முதற்கூடை ஏறுமுன் அக்கல், கொழுந்தெடுக்கும் பெண்களின் கண்முன்னே நிறுக்கப்படுதல் வேண்டும். பட்டியைத் திறக்கும் குறியெண் ஒருவரிடம் இருக்கலாம். பூச்சியத்தைக் காணும் உரிமை எல்லோருக்கும் உரியது.

பொறியியற் பீடமும் தமிழ்த் துறையும் ஒரே வளாகத்தில் அமைந்த பேராதனையில், இம்மானிகளின் பட்டிகளுக்குத் தமிழிலும் சிங்களத்திலும் கைநூல் ஆக்குதல் அரிய செயலன்று. மாணவர் இதனை மேற்கொள்வாராயின், ஹந்தானை நூதனசாலையின் பழைய பொறிகளைக் காண வருவோருக்கு, அப்பொறிகளுக்குக் கொழுந்து சுமந்து வந்தோரின் கணக்கையும் ஒருநாள் எடுத்துக்காட்ட இயலும்.